எழுத்துகளோடு விளையாடியவர்

எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் எனக்குப் பிடித்த பானம் கோப்பி. ஆனால் உயர்நிலை ஒன்று முதல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆண்டு வரை, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள், நான் அங்கே வாங்கிக் குடித்தது தே.

காரணம், எனக்குத் திக்குவாய். எல்லாச் சொற்களும் திக்குவதில்லை. 'க' என்ற ஒலியில் தொடங்கும் சொல் வரும்போது மட்டும் தொண்டையில் யாரோ பூட்டுப் போட்டதுபோல் இருக்கும். வாய் திறந்திருக்கும், ஒலி வராது. பின்னால் வரிசை நிற்கும். கடைக்காரர் என் முகத்தையே பார்ப்பார். அந்த நான்கைந்து நொடிகளைத் தவிர்க்கவே ஏழு ஆண்டுகள் தே குடித்தேன்.

திக்கிப் பேசுபவர்கள் பலரும் நடமாடும் மாற்றுச்சொல் அகராதிகள். ஆங்கிலத்தில் பேசும்போது 'கரெக்ட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ரைட்' என்பேன். 'கிளாஸ்' என்பதற்குப் பதில் 'லெசன்'. வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போதே மூன்று சொற்கள் தள்ளி ஒரு 'க' வருவது எனக்குத் தெரிந்துவிடும். அதற்குள் வேறொரு குறுஞ்சொல்லைத் தேடிப் பிடித்திருப்பேன். தமிழிலும் அப்படித்தான். ஆனால் ஒரு சொல்லுக்கு மட்டும் மாற்று கிடையாது. அது என் பெயர். அதுவும் 'க'வில்தான் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு, கணித வரலாறு பற்றிய ஒரு பாடத்துக்காக ஒரு கணித ஆசிரியரின் வாழ்க்கையைப் படித்துப் படைப்பு ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. நான் தேர்ந்தெடுத்தவரின் பெயர் சார்ல்ஸ் லட்விட்ஜ் டாட்சன். உங்களில் பலர் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டீர்கள். அவருடைய புனைபெயரைக் கேட்டிருப்பீர்கள்: லூயிஸ் கரோல். அற்புத உலகத்துக்குள் விழுந்த ஆலிஸ் என்ற சிறுமியின் கதையை எழுதியவர்.

அவர் கணித ஆசிரியர் என்பது எனக்கு முன்பே தெரியும். அவரும் என்னைப் போலத் திக்கிப் பேசியவர் என்பது தெரியாது. ஆங்கிலச் சொற்களுக்குள் எழுத்துகளைத் தேடும் விளையாட்டுகளை அவர் உருவாக்கியதும் தெரியாது. இவற்றையெல்லாம் நூலகத்தில் ஒரு பிற்பகலில் படித்தபோது, அந்த மனிதர் எனக்குத் திடீரென்று நெருக்கமாகிவிட்டார்.

பதினொரு பிள்ளைகள் இருந்த வீடு

டாட்சன் 1832ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி, இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில் டேர்ஸ்பரி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தேவாலயப் போதகர். ஆக்ஸ்ஃபர்டில் கணிதத்தில் சிறந்து விளங்கியவர். வீட்டில் மொத்தம் பதினொரு பிள்ளைகள். ஏழு பெண்கள், நான்கு ஆண்கள். டாட்சன் மூன்றாவது பிள்ளை, ஆண்களில் மூத்தவர். அக்காலத்தில் பிள்ளைகள் சிறுவயதிலேயே இறப்பது சாதாரணம். அந்த வீட்டிலோ பதினொருவரும் வளர்ந்து பெரியவர்களானார்கள். அவர்களில் பலருக்குத் திக்குவாய் இருந்தது.

அவருக்கு 11 வயதானபோது குடும்பம் யார்க்‌ஷயரில் உள்ள கிராஃப்ட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த பெரிய தோட்டத்தில் தம்பி தங்கைகளுக்காக அவர் ரயில் விளையாட்டு ஒன்றை அமைத்தார். பொம்மலாட்டம் நடத்தினார். வீட்டுக்குள் சுற்றுக்கு விடும் கையெழுத்து இதழ்களையும் நடத்தினார். அவற்றுள் கடைசி இதழின் பெயர் 'மிஷ்மாஷ்'. கலவை, கதம்பம் என்று பொருள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

வீட்டில் இருந்த மகிழ்ச்சி பள்ளி விடுதியில் இல்லை. 1846 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ரக்பி என்ற புகழ்பெற்ற பள்ளியில் படித்தார். பாடங்களில், குறிப்பாகக் கணிதத்தில், சிறந்து விளங்கினார். ஆனாலும் எதைக் கொடுத்தாலும் அந்த ஆண்டுகளை மறுபடி வாழச் சம்மதிக்க மாட்டேன் என்ற பொருளில் பிற்காலத்தில் எழுதிவைத்தார். திக்கிப் பேசும் ஒரு பையனுக்கு விடுதி வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

1851 ஜனவரியில் ஆக்ஸ்ஃபர்டின் கிறிஸ்ட் சர்ச் கல்லூரியில் தங்கிப் படிக்கச் சென்றார். சென்ற இரண்டே நாளில் தாயார் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. மறுநாள் அவருக்கு 19ஆம் பிறந்தநாள். வீட்டுக்குத் திரும்பித் தாயை அடக்கம் செய்துவிட்டு மீண்டும் கல்லூரிக்கு வந்தார். 1854ல் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். மறு ஆண்டு அதே கல்லூரியில் கணித விரிவுரையாளரானார். இறக்கும்வரை, ஏறத்தாழ 47 ஆண்டுகள், அக்கல்லூரியே அவருக்கு வீடு.

கிறிஸ்ட் சர்ச். அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொடக்கமே 'க' இன ஒலி. அதை நான் ஏன் கவனித்தேன் என்பது சற்று நேரத்தில் புரியும்.

பெயரைக் கலைத்துப் போட்டவர்

1856ல் 'தி டிரெயின்' என்ற மாத இதழில் அவருடைய கவிதை ஒன்று வெளிவர இருந்தது. சொந்தப் பெயரில் வெளியிட அவர் விரும்பவில்லை. இதழாசிரியர் எட்மண்ட் யேட்ஸுக்கு நான்கு புனைபெயர்களை எழுதி அனுப்பினார்.

அவற்றுள் இரண்டு, எட்கர் கத்வெல்லிஸ், எட்கர் யூ. சி. வெஸ்ட்ஹில். இவை எங்கிருந்து வந்தன? சார்ல்ஸ் லட்விட்ஜ் என்ற தம் பெயரின் 15 ஆங்கில எழுத்துகளையும் கலைத்து, ஒன்றுகூட மிஞ்சாமலும் குறையாமலும் மீண்டும் அடுக்கினால் இந்த இரு பெயர்களும் கிடைக்கும். மற்ற இரண்டும் லத்தீன் வழியாகப் பிறந்தவை. லட்விட்ஜ் என்பதை லத்தீனில் லுடோவிக்கஸ் ஆக்கி, அதிலிருந்து லூயிஸ். சார்ல்ஸ் என்பதைக் கரோலஸ் ஆக்கி, அதிலிருந்து கரோல். பிறகு முன்னதைப் பின்னதாக மாற்றிவிட்டார். அதிலும் இரண்டு எழுத்துக்கூட்டல்களைத் தந்தார். இதழாசிரியர் லூயிஸ் கரோலைத் தேர்ந்தெடுத்தார்.

அவருக்கு அப்போது வயது 24. உலகப் புகழ் பெற்ற கதை எதையும் இன்னும் எழுதவில்லை. ஆனால் எழுத்துகளை இடம் மாற்றி வைத்து, அவற்றிலிருந்து வேறொன்று பிறக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

கடையில் நின்ற சொல்

1850களின் பிற்பகுதியில் அவர் தம் பேச்சுக்கு உதவி நாடினார். ஜேம்ஸ் ஹன்ட் என்பவர் ஹேஸ்டிங்ஸ் நகருக்கு அருகில் திக்குவாய்க்குப் பயிற்சி அளித்து வந்தார். டாட்சன் அவரிடம் சென்றார். ஹன்ட் இறந்த பிறகு, அவருடைய மைத்துனர் ஹென்றி ரிவர்ஸின் உதவியையும் நாடினார்.

ரிவர்ஸுக்கு டாட்சன் எழுதிய கடிதம் ஒன்றைப் பற்றிப் படித்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அண்மையில் வல்லோசையுள்ள 'சி' எழுத்தில் இரண்டு முறை அடியோடு நின்றுபோனதாக அதில் அவர் தெரிவித்திருந்தார். ஆங்கிலத்தில் 'கேட்', 'கம்' போன்ற சொற்களின் தொடக்கத்தில் 'சி' எழுத்துக்கு வரும் ஒலியைத்தான் குறிப்பிடுகிறார். நம் 'க'. அந்தச் சொல்லை உச்சரிக்க முடியாமல், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிச் சொல்ல வேண்டியதாகிவிட்டதாம். இரண்டில் ஒன்று நடந்த இடம், ஒரு கடை.

அப்போது அவர் ஆக்ஸ்ஃபர்ட் விரிவுரையாளர். ஆலிஸ் கதைகளை எழுதி முடித்துப் புகழ்பெற்றிருந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு கடையில் நின்று, கேட்க வந்த பொருளின் பெயரைச் சொல்ல முடியாமல் எழுத்துக்கூட்டினார். என் காப்பிக்கடை நினைவுக்கு வந்தது.

எழுத்துக்கூட்டுவது எப்படி உதவும் என்று நீங்கள் கேட்கலாம். திக்கிப் பேசுபவருக்கு அது உடனே விளங்கும். 'க' என்ற ஒலி பூட்டிக்கொள்ளும். ஆனால் அந்த எழுத்தின் பெயர் 'சி'. அது மென்மையாகத் தொடங்குகிறது. ஒலி திறக்காத கதவை எழுத்தின் பெயர் திறந்துவிடுகிறது.

திக்குவாய் அவருக்குத் தடைகளை மட்டும் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹன்ட்டிடம் சென்றதால்தான் ஜார்ஜ் மெக்டோனல்ட் என்ற எழுத்தாளரின் நட்பு கிடைத்தது. அந்த நட்பு பின்னர் ஆலிஸின் தலைவிதியையே தீர்மானித்தது.

1862ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, கல்லூரித் தலைவர் லிடலின் மகள்கள் லொரினா, ஆலிஸ், ஈடித் ஆகிய மூவரையும் டாட்சனும் அவருடைய நண்பர் ராபின்சன் டக்வொர்த்தும் படகில் அழைத்துச் சென்றனர். ஆக்ஸ்ஃபர்டிலிருந்து காட்ஸ்டோ வரை தேம்ஸ் ஆற்றில் பயணம். வழியில் டாட்சன் ஒரு கதை சொன்னார். சிறுமி ஆலிஸ் அதை எழுதித் தரும்படி கேட்டாள். அவர் கையாலேயே எழுதி, படமும் வரைந்து, 1864 நவம்பரில் அவளுக்குப் பரிசளித்தார். அந்தக் கையெழுத்துப் படியை மெக்டோனல்ட் குடும்பத்தாரும் படித்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை மிகவும் பிடித்துப்போனது. அவர்கள் தந்த ஊக்கம் கதை புத்தகமாவதற்குப் பெரிதும் உதவியது.

1865ல் மெக்மில்லன் பதிப்பகம் அதை வெளியிட்டது. ஓவியர் ஜான் டெனியலுக்கு அச்சின் தரம் பிடிக்காததால் முதலில் அச்சான 2,000 படிகளும் திரும்பப் பெறப்பட்டன. மீண்டும் அச்சிட்டார்கள். புத்தகம் வெற்றி பெற்றது. 1871ன் இறுதியில் இரண்டாம் ஆலிஸ் கதையும் வந்தது.

முதல் கதையில் டோடோ என்ற பறவை வருகிறது. அது டாட்சனேதான். பின்னாளில் டக்வொர்த்துக்கு ஒரு படியைப் பரிசளித்தபோது, டோடோ வாத்துக்குத் தருவது என்று அதில் எழுதிக்கொடுத்தார். டக்வொர்த்தின் பெயரில் வாத்து ஒளிந்திருக்கிறது. தம் பெயரின் முதல் எழுத்தில் திக்கி, 'டோ, டோ' என்று நின்றுவிடுவதைக் கேலி செய்தே அந்தப் பறவையைக் கதையில் சேர்த்தார் என்று பலரும் சொல்வதுண்டு. அதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. எனினும் அந்தக் கதையை நம்ப ஆசைப்படுபவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது.

பன்றியைத் தொழுவத்தில் அடைப்பது எப்படி?

1877ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ். ஜூலியா, எத்தல் ஆர்னல்ட் என்ற சகோதரிகள் இருவருக்குப் பொழுதுபோகவில்லை. அவர்களுக்காக டாட்சன் ஒரு சொல் விளையாட்டை உருவாக்கினார். இந்த ஜூலியாதான் பிற்காலத்தில் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் தாயானவர்.

விளையாட்டின் விதி மிக எளிது. ஒரே எண்ணிக்கையில் எழுத்துகள் கொண்ட இரண்டு சொற்களைக் கொடுப்பார். முதல் சொல்லில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி இன்னொரு சொல்லை உண்டாக்க வேண்டும். அதில் ஓர் எழுத்தை மாற்றி அடுத்தது. இப்படிப் படிப்படியாக இரண்டாம் சொல்லை அடைய வேண்டும். நடுவில் வரும் ஒவ்வொன்றும் உண்மையான ஆங்கிலச் சொல்லாக இருக்க வேண்டும்.

அவர் தந்த புதிர்களில் ஒன்று, 'பிக்' எனும் பன்றியை 'ஸ்டை' எனும் பன்றித் தொழுவத்துக்குள் அனுப்புவது. இரண்டும் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொற்கள். விடை இதோ: பிக், விக், வேக், வே, சே, ஸ்டை. பொய்முடி, வாலாட்டுதல், வழி, சொல்லுதல் ஆகிய நான்கையும் கடந்து பன்றி தொழுவத்துக்குள் போய்விடுகிறது. ஒரு தாளை எடுத்து ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்து மட்டுமே மாறியிருக்கும்.

1879 மார்ச் மாதம் 'வேனிட்டி ஃபேர்' இதழில் 'டப்லெட்ஸ்' என்ற பெயரில் இது வெளிவந்தது. வாசகர்களுக்குப் போட்டிகளும் நடந்தன. போட்டி என்றால் தகராறும் இருக்குமல்லவா? யாரும் கேள்விப்படாத சொற்களை அகராதியின் மூலையிலிருந்து தோண்டி எடுத்து அனுப்பினார்கள் சிலர். ஆகவே, எந்தக் குறுஞ்சொற்கள் செல்லும் என்பதைக் காட்டும் சொற்பட்டியல் ஒன்றையும் டாட்சன் தொகுத்து, விளையாட்டின் புத்தகத்தில் சேர்த்தார். அதே 1879ல்தான் யூக்ளிடின் வடிவியலுக்காக வாதாடும் அவருடைய கணித நூலும் வெளியானது. ஒரு மேசையில் தேற்றங்கள், இன்னொரு மேசையில் மூன்றெழுத்துச் சொற்கள். இரண்டிலும் அவர் எதிர்பார்த்தது ஒன்றுதான்: ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

1880ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இன்னொரு யோசனையையும் குறித்து வைத்தார். சதுரங்கப் பலகையில் காய்களுக்குப் பதிலாக எழுத்துகளை வைத்து, அவை சொற்களாகும் வரை நகர்த்தினால் என்ன? ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கர் ஸ்கிராபிளின் முதல் வடிவத்தை உருவாக்கியது 1930களில். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே டாட்சன் எழுத்துகளைப் பலகையில் நகர்த்துவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

யோசிக்க நேரம் தரும் விளையாட்டு

இப்போது 'மிஷ்மாஷ்' என்ற பெயருக்குத் திரும்புவோம். 1881ல் டாட்சன் இன்னொரு விளையாட்டை வெளியிட்டார். சிறுவயதுக் குடும்ப இதழின் பெயரையே அதற்கு வைத்தார்.

இருவர் விளையாடலாம். ஒருவர் இரண்டோ அதற்கு மேற்பட்டோ எழுத்துகளைச் சொல்வார். அதற்கு 'கரு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். மற்றவர் அந்த எழுத்துகள் அதே வரிசையில், இடையில் வேறு எழுத்து இல்லாமல் வரும் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அவரே மூன்று எடுத்துக்காட்டுகளைத் தந்தார். 'ஜி, பி' என்றால் 'மேக்பை' என்ற பறவை. 'ஈ, எம், ஓ' என்றால் 'லெமன்', அதாவது எலுமிச்சை. 'ஐ, எம், எஸ், ஈ' என்றால் 'ஹிம்செல்ஃப்'. சொல் எல்லாரும் அறிந்ததாக இருக்க வேண்டும். ஊர்ப்பெயர், ஆட்பெயர் செல்லாது.

ஆட்பெயர் செல்லாது என்பதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. திக்கிப் பேசுபவருக்கு மிகக் கடினமான சொல், மாற்றே இல்லாத சொந்தப் பெயர். இந்த விளையாட்டில் அது தேவையே இல்லை!

என்னைக் கவர்ந்தது இன்னொரு விதி. கரு சொல்லப்பட்டவுடன் பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை. மனத்துக்குள் தேடலாம். கண்டுபிடித்ததும், தயார் என்று அறிவித்தால் போதும். அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று முடிவு செய்தால் அதையும் சொல்லலாம். கரு கொடுத்தவருக்கே விடை தெரியாமல் இருக்கலாம்; அதற்கும் அனுமதி உண்டு. ஆக, இருவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் இந்த விளையாட்டில் தோல்வி இல்லை. அதுதான் விளையாட்டே.

பேச்சில் எனக்கு விழும் மௌனத்தை எப்போதும் நான் தோல்வியாகவே கணக்கு வைத்திருந்தேன். திக்குவாய் காரணமாகத்தான் டாட்சன் இப்படி ஒரு விளையாட்டை உருவாக்கினார் என்று நான் சொல்லமாட்டேன். எழுத்துகள் மீது அவருக்கு இருந்த ஆசைக்கு அவர் கணித அறிவும் அந்தப் பதினொரு பிள்ளைகள் வீடும் போதுமான காரணங்கள். ஆனால் வாயில் எந்த எழுத்து நிற்கிறதோ அதே எழுத்தைத் தாளில் எடுத்து, திருப்பிப் போட்டு, பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார் என்பது உண்மை. எனக்கு அது போதும்.

மிஷ்மாஷ் வெளிவந்த அதே 1881ல், 26 ஆண்டுகள் பார்த்த விரிவுரையாளர் வேலையை விட்டார். எழுத்து வேலையை மட்டும் விடவில்லை. இரவில் தூக்கம் கலைந்து ஏதாவது தோன்றினால், விளக்கேற்றாமல் இருட்டிலேயே குறித்துக்கொள்ள 1891ல் ஒரு கருவி செய்தார். 16 சிறு சதுரங்கள் வெட்டிய அட்டை அது. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் புள்ளியும் கோடும் வைத்து எழுத ஒரு தனி எழுத்துமுறையையும் அமைத்தார். 1861 முதல் தாம் அனுப்பிய, பெற்ற கடிதங்களை ஒரு பதிவேட்டில் எண்ணிட்டு வந்தார். அதன் கடைசி எண் 98,721. வாயால் பேசத் தயங்கியவர் கையால் எவ்வளவு பேசியிருக்கிறார் பாருங்கள்.

ஆனாலும் அவர் கைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளவில்லை. 1861ல் தேவாலயத்தில் டீக்கன் எனும் முதல்நிலைத் திருப்பட்டம் பெற்றார். அடுத்த படியான குருப்பட்டத்துக்கு அவர் செல்லாததற்குத் திக்குவாயும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இருந்தும் அழைக்கப்பட்டபோது தேவாலயத்தில் வேத வாசிப்பு செய்தார். முதிய வயதில் பிரசங்கமும் செய்தார். திக்குவாய் குணமாகிவிட்டதா? இல்லை. அது கடைசிவரை அவருடன் இருந்தது.

1898 ஜனவரி 14ஆம் தேதி, கில்ஃபர்டில் சகோதரிகளின் வீட்டில், சளிக்காய்ச்சல் முற்றி நிமோனியாவாகி இறந்தார். 66 வயது நிறைவதற்கு இன்னும் இரண்டு வாரங்கள்கூட இல்லை.

தம்பி, பாட்டி, காப்பிக்கடை

படைப்புக்கு முந்திய வாரங்களில் நானும் என் தம்பியும் தினமும் இரவு உணவுக்குப் பிறகு மிஷ்மாஷ் விளையாடினோம். அவன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். வோர்டில் விளையாட்டில் வீட்டுச் சாம்பியன். ஒருநாள் அவன் 'டபிள்யூ, கே, டபிள்யூ' என்று கொடுத்தான். இப்படி ஒரு சொல்லே இருக்க முடியாது என்று நினைத்தேன். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு பிடிபட்டது: 'ஆக்வர்ட்'. சங்கடமான என்று பொருள். பல ஆண்டுகளாக எனக்கு மிகவும் பழக்கமான சொல், எழுத்துகளாகப் பிரிந்து நின்றபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அவரையும் சேர்த்துக்கொள்ளத் தமிழில் ஆடினோம். 'ழ்ச்' என்று கரு கொடுத்தேன். நான் எதிர்பார்த்தது மகிழ்ச்சி. பாட்டி கண்ணை மூடித் திறந்து, சூழ்ச்சி என்றார். தம்பி புகழ்ச்சி என்றான். அம்மா அடுக்களையிலிருந்தே வீழ்ச்சி என்று குரல் கொடுத்தார். அன்றிரவு எங்கள் வீட்டில் யாருமே வேகமாகப் பேசவில்லை. எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தோம். நான் யோசிப்பதும் அவர்கள் யோசிப்பதும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தது.

படைப்பு நாள் வந்தது. எழுந்து நின்றதும் முதல் வரியிலேயே கரோல் என்ற பெயர். பூட்டிக்கொண்டது. சில நொடிகள். பிறகு அவர் செய்ததையே நானும் செய்தேன். 'சி, ஏ, ஆர்' என்று எழுத்துக்கூட்டினேன். ஓரிருவர் சிரித்தார்கள். அந்தக் கடிதத்தில் அவர் எழுதியதைச் சொன்னேன். எனக்கும் திக்குவாய் உண்டு, இடையில் மௌனம் வந்தால் அது மிஷ்மாஷ் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். பதினைந்து நிமிடப் படைப்பு இருபது நிமிடம் ஆனது. ஆனால் அன்று நான் ஒரு சொல்லைக்கூட வேறொரு சொல்லாக மாற்றவில்லை.

மறுநாள் காலை காப்பிக்கடைக்குப் போனேன். அங்கே எழுத்துக்கூட்டும் தந்திரம் உதவாது. கோப்பிக்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்து 'கே'. அதன் பெயரும் 'க'விலேயே தொடங்குகிறது. என் பெயருக்கும் அதே கதிதான். ஆகவே காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வாயைத் திறந்தேன். பூட்டு விழுந்தது. பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். கண்ணைத் தாழ்த்தாமல் நின்றேன். கடைக்காரர் குவளையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். சொல் வந்தது, சற்றுத் தாமதமாக.

கோப்பி சூடாகவும் இனிப்பாகவும் இருந்தது. ஏழு ஆண்டுகள் தே குடித்ததற்கு வருத்தமும் இருந்தது.

உங்கள் வகுப்பில் திக்கிப் பேசும் ஒருவர் இருந்தால், அவருடைய சொல்லை அவருக்கு முன்பாக நீங்கள் சொல்லி முடித்துவிடாதீர்கள். அவர் தேடிக்கொண்டிருக்கிறார், சற்றுப் பொறுத்திருங்கள். பொறுத்திருப்பது கடினமாக இருந்தால், அதற்குள் மனத்தில் போட்டுப் பார்க்க ஒரு கரு தருகிறேன்: இரண்டு 'யூ' எழுத்துகள் அடுத்தடுத்து வரும் ஆறெழுத்து ஆங்கிலச் சொல் எது? அவசரமில்லை.